சாவிக்காரரின் நாற்காலி

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை நடந்த பிறகு, பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆட்களில் நானும் ஒருவன். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. எப்போதாவது ஒரு பேருந்து தவறிப்போகும், அவ்வளவுதான்.

விசாரணை என்று உட்காரவைத்துவிட்டு, நீங்கள் காலையிலிருந்து ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள்: ஏன் உடனே சொல்லவில்லை? எனக்கும் அலுத்துவிட்டது, உங்களுக்கும் அலுத்திருக்கும். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்திக் கேட்கலாம். ஆனால் நிறுத்தினால் நான் திரும்ப முதலிலிருந்துதான் ஆரம்பிப்பேன். என் சுபாவம் அப்படி.

நான் வேலை பார்த்தது ஒரு சோதனைக்கூடத்தில். சக்திவாய்ந்த நுண்ணலைக் கருவிகளை இயக்கிப் பார்த்து, சொன்ன சக்தியைத் தருகின்றனவா என்று அளப்பதுதான் அங்கே வேலை. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் சாப்பாட்டைச் சூடாக்குவதும் இதே அலைதான். அடுப்பு நிதானமாகச் செய்வதை எங்கள் கருவி ஒரே வீச்சில் செய்யும். இமை மூடித் திறக்கும் நேரத்தை லட்சம் துண்டாக நறுக்கி அதில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுக்குள், ஒரு சின்ன நகரம் முழுக்க விளக்கெரிக்கும் அளவு சக்தி அலையாகக் கிளம்பி ஓய்ந்துவிடும். இதை ஷாட் என்போம்.

கருவி இருக்கும் அறை முழுவதும் செம்புத் தகடு அடித்தது. கதவின் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி செம்பு ஸ்பிரிங்குகள் இருக்கும். கதவைச் சாத்தினால் அவை சட்டத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். உள்ளே கிளம்பும் அலையை ஒரு தண்ணீர்த் தொட்டி வாங்கிக்கொள்ளும். தண்ணீர் எவ்வளவு சூடேறியது என்பதை வைத்துச் சக்தியைக் கணக்கிடுவோம். வெளியே, அறையை ஒட்டிய நடையில் நிற்பவருக்கு 'தொம்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அது சேர்த்துவைத்த மின்சாரம் ஒரே நேரத்தில் காலியாகிற சத்தம். அதற்கு மேல் எதுவும் வெளியே வரக் கூடாது.

அங்கே ஒரு நடைமுறை உண்டு. அறைக்குள் போகிற ஒவ்வொருவரும் நடையில் மாட்டியிருக்கும் பலகையிலிருந்து தன் சாவியை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். எல்லாச் சாவிகளும் பலகைக்குத் திரும்பினால்தான் கருவிக்கு மின்சாரம் ஏறும். கடைசிச் சாவி சாவிக்காரருடையது. அவர் உள்ளே போய் மூலைமுடுக்கெல்லாம் பார்த்து, கோடிச் சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, தன் சாவியை மாட்டி, "காலி" என்று குரல் கொடுப்பார். பிறகு பலகையைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்து போனால் ஷாட் கிடையாது. எங்கள் எல்லாருடைய பாதுகாப்பும் அந்த ஒரு மனிதர் நாற்காலியை விட்டு எழாமல் இருப்பதில்தான் இருந்தது.

அந்தச் சாவிக்காரர் என் அக்காவின் கணவர். அப்பா அம்மா போன பிறகு நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். மாமா முன்பு ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டினார். கம்பெனி மூடியதும், நகரப் பேருந்தில் ஓட்டுநர் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பேருந்து ஓட்டுவது அவருடைய ஆசை. சாலையில் நடக்கும்போதுகூட, திருப்பம் வந்தால் கை தானாகப் பெரிய வளையத்தைத் திருப்பும். அந்த வேலை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று நான்தான் சோதனைக்கூடத்தில் சொல்லி இந்த நாற்காலியை வாங்கிக்கொடுத்தேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டிப்ளமோ படித்த உதவியாளன். மாலையில் பட்டப் படிப்பு வகுப்புக்குப் போகிறேன், போய்க்கொண்டிருந்தேன். கூடத்தில் எனக்குச் 'சந்தேகம்' என்று பெயர். "சந்தேகம் வந்தாச்சா?", "சந்தேகம் டீ குடிச்சாச்சா?" என்று கேட்பார்கள். நான் கோபித்துக்கொண்டதில்லை. ஒருமுறை மட்டும் வலித்தது. மாமா வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. கதவோரம் கசிவு இருக்கிறது என்று நான் சொல்லி, சோதனைகளை நிறுத்திவிட்டார்கள். அறையையே பிரித்துப் பார்த்தார்கள். கடைசியில் என் அளவைக் கருவியில் பேட்டரி ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தது. கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"சந்தேகம், இனிமே கசிவுன்னு வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி உன் பேட்டரியைத் திருகிப் பாரு. உன் மண்டையையும் சேத்துத் திருகிப் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் தவறு இல்லை. உறுதியாகத் தெரியாததைச் சொல்லக் கூடாது. அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

மாமா வேலைக்கு வந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். டீ இடைவேளையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, உங்க மிஷின் என்கூடப் பேசுது."

"என்ன பேசுது?"

"டக்குங்குது. மண்டைக்குள்ள."

"அது கரண்டு காலியாகிற சத்தம் மாமா. எல்லாருக்கும் கேக்கும்."

"அந்தத் தொம் எனக்குத் தெரியாதா? அது சுவத்துல கேக்குது. இது இங்க கேக்குது." பின்மண்டையைத் தட்டிக் காட்டினார். "உங்கக்கா கோவம் வந்தா நாக்கைத் தட்டுவா பாரு, அச்சு அசல் அதேதான். வீட்டுலதான் அப்படின்னா, இங்கயுமா?"

நான் சிரித்துவிட்டு உள்ளே போனேன். ஆனால் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இந்த அலை பலமான சிறு துடிப்பாக வந்து தலையில் பட்டால், காதுக்கு வெளியே சத்தமே இல்லாமல், உள்ளே ஒரு 'டக்' கேட்கும். தலைக்குள் இருப்பது மிக மிக லேசாகச் சூடாகி விரிவதால் வருவது. படித்திருக்கிறேன். அது கேட்கிறது என்றால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

கையில் பிடிக்கும் கசிவுமானியை எடுத்துக்கொண்டு போய் அவர் நாற்காலி அருகில் நின்றேன். ஷாட் அடித்தார்கள். முள் அசையவில்லை. அந்த மானி நிதானமாகச் சராசரி பார்க்கிற வகை. எங்கள் ஷாட் மாதிரி அத்தனை சிறிய துடிப்பு அதற்குத் தெரியாது. எங்களிடம் வேறு மானி கிடையாது. ஆக, முள் அசையாதது எதையும் நிரூபிக்கவில்லை. மாமா "டக்கு" என்று சொன்னதும் எதையும் நிரூபிக்கவில்லை.

நான் யாரிடமும் சொல்வதற்கு முன்பே மாமா வாய் சும்மா இல்லாமல் தலைமைப் பொறியாளரிடம் சொல்லிவிட்டார். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க மாமாவுக்கு மண்டைல டைப்ரைட்டர் அடிக்குதாமே? காது டாக்டரைப் பாக்கச் சொல்லு. அதுலயும் சரியாகலன்னா வேற டாக்டரைப் பாக்கச் சொல்லு." பொட்டருகே விரலைச் சுழற்றிக் காட்டினார். "சாவியை ஒழுங்கா மாட்டுற ஆளுதான் எனக்கு வேணும். சத்தம் கேக்குற ஆளு வேண்டாம்."

அதற்குப் பிறகு நான் சும்மா சொல்ல முடியாது என்பது உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். சொன்னால் மாமாவின் வேலை போகும். என்னை மறுபடி எழுந்து நிற்கச் சொல்வார்கள். முறையாகச் செய்வோம் என்று முடிவு செய்தேன்.

முதலில் அவருக்குக் காதடைப்பான் கொடுத்தேன். "தொம் சத்தம் காதுக்கு நல்லதில்ல மாமா" என்றேன். மாட்டிக்கொண்டார். "இப்ப இன்னும் நல்லாக் கேக்குது மாப்ள" என்றார். வெளிச் சத்தம் குறைந்தால் உள்ளே கேட்பது தெளிவாகத்தான் கேட்கும். அது சரியாகவே பொருந்தியது.

அடுத்து இன்னொரு சோதனை. கருவியில் அலையை உண்டாக்க உதவும் மின்காந்தத்தை அணைத்துவிட்டால் தொம் சத்தம் அப்படியே வரும், அலை மட்டும் கிளம்பாது. சில ஷாட்டுகளை வேறு காரணங்களுக்காக நாங்கள் அப்படி அடிப்பதுண்டு. எது எப்போது என்று மாமாவுக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் அவரைக் கேட்டேன்.

"டக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"இதுக்கு?"

"இல்ல. தொம் மட்டும்தான். என்ன மாப்ள, உங்கக்காவுக்கு லீவா?"

ஒன்றுகூடத் தவறவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. இத்தனை நாள் நம்ப முடியாத மானிகளோடு மல்லுக்கட்டியவனுக்கு, முதல்முறையாக நம்பக்கூடிய ஒன்று கிடைத்திருந்தது. அது டீ குடித்தது, ஜோக் அடித்தது, வீட்டுக்கு என்னோடு ஒரே பேருந்தில் வந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். யோசித்துப் பாருங்கள். ஓர் ஆள். அதுவும் என் சொந்தக்காரர். நான் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். எங்கே பலமாகக் கேட்கிறது, எங்கே குறைகிறது என்று காட்டினால் மறுக்க முடியாது. அதனால் அவருடைய நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். முதலில் அது நடைக் கோடியில் இருந்தது. "இங்க காத்து வருது மாமா" என்று ஒருநாள், "இங்க உக்காந்தா பலகை நல்லாத் தெரியும்" என்று ஒருநாள். சுவரை ஒட்டி, தண்ணீர்க் குழாய் வெளியே வருகிற இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் முகத்தைச் சுளித்தார்.

"இங்க மண்டையில சுண்டுற மாதிரி இருக்குடா."

அந்த இடத்தில் நாற்காலியை விட்டேன். அவருடைய இடது தோள் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் தொடர் ஷாட் காலம் வந்தது. ஒவ்வொன்றாக அடிக்காமல், விடாமல் சரமாக அடிப்பது. மாமாவுக்கு டக் போய் ரீங்காரம் வந்தது. வண்டு மாதிரி என்றார். இடது கன்னம் வெயில்பட்ட மாதிரி இருக்கிறது என்றார். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் ஒரு பக்கம் காயுமே, அப்படியாம். இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன் என்பதற்காகச் சொன்னார். தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆள் மாப்பிள்ளைதான் என்று அக்காவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மழைக்காலம் ஆரம்பித்தபோது அக்கா சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, அவருக்கு ஒரு கண்ணு மசமசன்னு இருக்குதாம். விளக்கைப் பாத்தாக் கூசுதுங்கிறாரு. உங்க ஆபீஸ்ல அப்படி என்ன வெளிச்சம்?"

"ஒரு வெளிச்சமும் இல்லக்கா. டியூப்லைட்தான்."

"சரியாச் சாப்பிடுறதில்ல, அதான். நீயும் அவருகூடச் சேந்துக்கிட்டு டீயாக் குடிச்சுத் தள்ளு."

நுண்ணலைக்கு வெளிச்சம் கிடையாது. அவள் கேட்ட கேள்விக்கு நான் சரியான பதிலைத்தான் சொன்னேன். கண்ணின் லென்ஸுக்கு ரத்த ஓட்டம் இல்லை, அதனால் சூடு தங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை.

பேருந்துக் கம்பெனியிலிருந்து மாமாவுக்கு அழைப்பு வந்தது அந்தச் சமயத்தில்தான். ஓட்டிக் காட்டியதில் தேறிவிட்டார். பெரிய வண்டியைப் பின்னால் எடுத்து ஒரே மூச்சில் நிறுத்தியதை வீட்டில் தட்டுகளை வைத்து நடித்துக் காட்டினார். கண் பரிசோதனையில் நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்குக் கால்வலி என்பதால் கண் மருத்துவமனைக்கு நான்தான் கூடப் போனேன்.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். இடது கண்ணை வெகுநேரம் பார்த்தார். வலது கண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்ப இடதுக்கு வந்தார். அவர் முறை எனக்குப் பிடித்திருந்தது.

"உங்க வயசுக்கு, ஒரு கண்ணுல மட்டும், லென்ஸுக்குப் பின்பக்கமா இப்படிப் புரை விழுறது வழக்கமில்ல. என்ன வேலை பாக்குறீங்க?"

"சாவி மாட்டுற வேலை" என்றார் மாமா.

"வெல்டிங், உலை, எக்ஸ்ரே, அந்த மாதிரி பக்கத்துல ஏதாவது?"

மாமா என்னைப் பார்த்தார். "அதெல்லாம் மாப்ளதான் சொல்லணும். படிச்ச பிள்ளை."

"இல்ல டாக்டர்" என்றேன். "இவரு வெளிய நடையில நாற்காலியில உக்காந்திருப்பாரு."

நீங்கள் இந்த இடத்தில் அழுத்துகிறீர்கள். அவர் கேட்டது வெல்டிங், உலை, எக்ஸ்ரே. மூன்றும் அங்கே கிடையாது. 'அந்த மாதிரி' என்பதற்குள் எங்கள் கருவி வருமா வராதா என்பது விவாதத்துக்குரியது. அன்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். பாதி தெரிந்ததை மருத்துவரிடம் சொல்லி அவரைக் குழப்புவது சரியா?

வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னாள்: "நீ கூடப் போனது நல்லதாப் போச்சுடா. நான் போயிருந்தா ஒண்ணும் விளங்கியிருக்காது."

லென்ஸை மாற்றிவிடலாம் என்றார்கள். மாற்றினார்கள். கட்டோடு படுத்திருந்தவரைப் பார்க்கப் போனபோது, "இனிமே கொஞ்ச நாளைக்கு உங்கக்காவைப் பாதிதான் பாக்கணும். கொடுத்துவெச்சவன் மாப்ள நான்" என்றார். "மீதியை நான் சத்தம் போட்டே தெரியப்படுத்துறேன், கவலைப்படாதீங்க" என்றாள் அக்கா. மூன்று பேரும் சிரித்தோம். பக்கத்துப் படுக்கைக்காரரும் சிரித்தார்.

அடுத்த வாரம் அந்தக் கண்ணில் சீழ் பிடித்தது. எவ்வளவோ மருந்து ஊற்றினார்கள். வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும் அதில் மிஞ்சியது. பேருந்து வேலை அத்தோடு முடிந்தது. மாமா ஜோக் அடிப்பதைக் குறைத்துக்கொண்டார். சாலையில் நடக்கும்போது கை வளையத்தைத் திருப்பவில்லை.

அக்கா என்னிடம் கேட்டுக்கொண்டபடி நான் தலைமைப் பொறியாளரைப் போய்ப் பார்த்தேன். ஒரு கண் போதும் சார், சாவி மாட்ட, என்று வாதாடினேன். மாமாவுக்கு அந்த வேலையை நிரந்தரமாக்கிக் கொடுத்தார்கள். அக்கா அழுதுவிட்டாள். என் தலையில் கைவைத்து, "நீ நல்லா இருக்கணும்டா" என்றாள்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் எல்லாரும் மிகைப்படுத்துகிறீர்கள். என் பக்கத்திலிருந்து பாருங்கள். இடது கண் மங்கியது கசிவினால் என்று நான் கிட்டத்தட்ட முடிவுக்கு வந்திருந்தேன். ஆனால் அந்தக் கண் போனது சீழினால். நாளைக்கு நான் கூட்டத்தில் எழுந்து நின்றால், அறுவைச் சிகிச்சை சரியில்லை, மருத்துவமனை சரியில்லை என்று பேச்சு அங்கே போய்விடும். அந்தக் கண் இனிச் சாட்சிக்கு உதவாது. கண் மங்கியதற்கும் இடது பக்கம் சுவரோடு இருந்ததற்கும் தொடர்பு உண்டு என்று காட்ட வேண்டுமானால், மற்ற எதையும் மாற்றாமல் பக்கத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மாலை வகுப்பில் முதல் வாரம் சொல்லிக்கொடுப்பது இது.

ஒரு காலையில் சீக்கிரம் போய்ச் சாவிப் பலகையைக் கழற்றி, அதன் ஒயரை நீட்டி, நடையின் எதிர்க் கோடியில் மாட்டினேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். இப்போது பலகையைப் பார்த்து உட்கார்ந்தால் வலது தோள் சுவரைத் தொடும்.

மாமா வந்து பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். "ஜன்னல் வெளிச்சம் பலகை மேல விழுது. இப்ப நல்லாத் தெரியுது" என்றார். பிறகு மெதுவாக, "எனக்காக இவ்வளவு யோசிக்கிறியேடா" என்றார். எனக்கு அப்போது களைப்பாக இருந்தது. பலகை கனமானது. தனியாக மாட்டியிருந்தேன்.

வலது கண் இடதைவிட மெதுவாகத்தான் மங்கியது. அதற்குக் காரணம் தெரியவில்லை. முதலில் சாவி எண்கள் இரட்டையாகத் தெரிவதாகச் சொன்னார். அப்புறம் எண்களைத் தடவிப் பார்த்து மாட்ட ஆரம்பித்தார். ஒருநாள் "காலி" என்று குரல் கொடுத்துவிட்டு வந்து, நாற்காலி இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி உட்காரப் போனார். நான் பிடித்துக்கொண்டேன். அன்று மத்தியானம் இருந்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். யாரும் சொல்லாமல் நானாக எழுந்தேன்.

"சார், நடைச் சுவர்ல கசிவு இருக்கு. உறுதி."

"மறுபடியுமா?" என்றார் தலைமைப் பொறியாளர். "எப்படித் தெரியும்?"

"ரெண்டு பக்கமும் பாத்தாச்சு சார்."

"எதை வெச்சுப் பாத்த?"

சொன்னேன். காதடைப்பானிலிருந்து வரிசையாக, இப்போது உங்களுக்குச் சொல்வது போலத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் எழுந்து வெளியே போனார். தலைமைப் பொறியாளர் தண்ணீர் குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார், திரும்ப எடுத்தார். எல்லாவற்றையும் இவ்வளவு தெளிவாக நான் ஒருபோதும் எடுத்துச் சொன்னதில்லை. பாராட்டை எதிர்பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். கேள்விகளை எதிர்பார்த்தேன்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதை நான் இன்னும் உங்களிடம் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாய் சுவரைத் தாண்டுகிற இடத்தில் ஒரு குறுகலான பித்தளைக் குழல் உண்டு. அதன் வழியே ரப்பர் குழாய் போகலாம், தண்ணீர் போகலாம். அவ்வளவு குறுகலான துளைக்குள் அந்த அலை நுழையாது. ஆனால் ஓர் உலோகக் கம்பியை அதில் விட்டால் போதும், அலை அதைப் பிடித்துக்கொண்டு கொடியில் நடப்பது போல வெளியே வந்துவிடும். இது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். குழலுக்கு மேல் கம்பி விடாதே என்று எழுதியே ஒட்டியிருக்கும்.

கம்பியை விட்டது நான். தொட்டியின் வெப்பமானி மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. சரிபார்க்க இன்னொரு வெப்பமானியைத் தொட்டிக்குள் வைத்து, அதன் கம்பியை ரப்பர் குழாயோடு ஒட்டினாற்போல் வெளியே கொண்டுவந்திருந்தேன். மயிரிழை மாதிரியான கம்பி. இவ்வளவு மெல்லியது என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். மாமா வேலைக்குச் சேர்ந்த வாரம் அது.

எப்போது தெரியும் என்று கேட்கிறீர்கள். தெரியும் என்பது பெரிய வார்த்தை. நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்த நாட்களில் ஒருமுறை, சுத்தம் செய்கிறவர் துடைப்பம் பட்டு அந்தக் கம்பி வெளியே வந்துவிட்டது. அன்று முழுவதும் மாமாவுக்கு டக் கேட்கவில்லை. "இன்னைக்கு மண்டை நிம்மதியா இருக்கு மாப்ள" என்றார். அவருக்கு அப்போது இரண்டு கண்களும் நன்றாக இருந்தன. சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு நான் கம்பியைத் திரும்பச் செருகினேன். அது இல்லாமல் கசிவு இல்லை, கசிவு இல்லாமல் நிரூபிக்க ஒன்றும் இல்லை. அவருக்கு மண்டை சரியில்லை என்ற பேச்சுதான் கடைசிவரை நிற்கும்.

கம்பியை வெளியிலேயே விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. என் தவறும் வெளியே வந்திருக்காது. அதைக் கவனியுங்கள். எனக்கு வசதி எதுவோ அதை நான் செய்யவில்லை.

உங்கள் ஆட்கள் என்னை அழைத்து வருவதற்கு முன்னால் வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு அதற்குள் சொல்லியிருந்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் வாசலில் கழற்றிவிட்ட செருப்பை எடுத்து, படியிறங்கித் தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வந்தது நீதானே மாப்ள?"

"ஆமா மாமா."

"எனக்குக் கேட்டது நெசந்தானாமே. ஆபீஸ்ல இருந்து வந்து சொன்னாங்க."

"நிஜம்தான் மாமா. நீங்க சொன்னதுல ஒண்ணுகூடத் தப்பில்ல."

"அப்ப எனக்கு மண்டை சரியாத்தான் இருக்கு."

"சரியா இருக்கு மாமா. இனிமே யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

அவரிடம் நான் எதையும் மறைத்ததில்லை. கம்பி வெளியே வந்த அன்றே தெரியும் என்று சொன்னேன். அதை நானே திரும்பச் செருகினேன் என்றும், நாற்காலியை ஏன் திருப்பிப் போட்டேன் என்றும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு கையால் கட்டில் விளிம்பைத் தடவி, தன்னை மெல்லத் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பெரிய பாரம் இறங்கினால் சிலர் அப்படித்தான் திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள்.